புத்தளக் கரையில் உணவுக் காடு: நீண்டகால ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

1. கேள்வி

உணவு தரும் மரங்களையும் செடிகொடிகளையும் காட்டின் அடுக்குகளைப்போல ஒன்றின்கீழ் ஒன்றாக வளர்க்கும் முறையை இன்று உணவுக் காடு என்கிறோம். மண்ணை வளப்படுத்தும், நீரைக் காக்கும், காபனைச் சேமிக்கும், வறட்சியிலும் குடும்பத்துக்குச் சோறு போடும் என்று இந்த முறைக்குப் பல நன்மைகள் சொல்லப்படுகின்றன. இயற்கை வேளாண்மை பேசுவோரும் காலநிலைத் திட்டங்களை வகுப்போரும் இவற்றை அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் அந்த முடிவைக் கைவிட்ட பின்னர், மரஞ்செடிகளிலிருந்தே வளத்தைப் பெறும் முறைகள் மீதான ஆர்வம் மேலும் கூடியிருக்கிறது.

இந்தக் கட்டுரை ஒரேயொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. கற்பிட்டி முதல் சிலாபம், லுணுவில வரை நீளும் புத்தள மாவட்டக் கரைக்கு, உணவுக் காட்டின் நன்மைகள் எந்த அளவுக்கு ஆய்வால் நிறுவப்பட்டிருக்கின்றன? தென்னை பற்றிய நாட்டின் மிகப் பழைய ஆய்வு நிலையம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நிலத்தடி நீர் கெடுவது மிக முன்னதாகவே பதிவான மணற்பகுதியும் இங்கேதான் இருக்கிறது. எனவே சான்றுகள் கைவசம் உண்டு. அவை எதை அளந்தன, எதை அளக்காமல் விட்டன என்று பிரித்தறிவதே இங்கு நம் வேலை.

2. கண்டியிலிருந்து வந்த நம்பிக்கை

இலங்கையில் உணவுக் காடு பற்றிப் பேசும் எவரும் முதலில் காட்டுவது கண்டி வனத்தோட்டங்களை. பலா, கித்துள், கராம்பு, சாதிக்காய், மிளகு, கோப்பி, வாழை என்று அடுக்கடுக்காக வளரும் அந்த வீட்டுத் தோட்டங்களைப் பற்றி ஜேக்கப்பும் அலஸும் 1987இல் எழுதினார்கள். பெரேராவும் ராஜபக்சவும் 1991இல் அவற்றின் கட்டமைப்பையும் மர இனங்களையும் பதிவுசெய்தார்கள். மெக்கானலின் நூலை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1992இல் வெளியிட்டது. இந்த எழுத்துகள் ஒரு முக்கியமான உண்மையை நிலைநாட்டின: சிறுநிலக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக மிகுந்த இனப்பன்மையை வளர்த்துக் காத்து வந்திருக்கின்றன.

ஆயினும் இவற்றின் தன்மையைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் ஒரு காலப்புள்ளியில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள். ஒரு தோட்டத்தில் இன்று எத்தனை மரங்கள், என்ன இனங்கள் என்று அவை சொல்லும். அதே தோட்டம் பத்து ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதைச் சொல்லமாட்டா. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. கணக்கெடுப்பவர் பார்க்கக்கூடியது உயிரோடு இருக்கும் தோட்டத்தை மட்டுமே. நட்டுப் பட்டுப்போன தோட்டம், வெட்டி விற்கப்பட்ட தோட்டம், துண்டுபோட்டுப் பிரிக்கப்பட்ட தோட்டம் எதுவும் அந்தப் பட்டியலில் வராது. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் எண்ணினால் எந்த முறையும் வெற்றிபெற்ற முறையாகத்தான் தெரியும்.

குமாரும் நாயரும் 2004இல் வெப்பவலய வீட்டுத் தோட்டங்கள் பற்றி எழுதிய மதிப்பாய்வு, இந்தத் துறையின் புகழுக்கும் அதன் அளவீடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியைத் துறைக்குள்ளிருந்தே எடுத்துக்காட்டியது. வீட்டுத் தோட்டங்களை வாழ்நாள் முழுதும் ஆதரித்த அறிஞர்களே இதை எழுதினார்கள் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

புத்தளத்துக்கு மேலும் ஒரு தடை உண்டு. கண்டித் தோட்டங்கள் ஈரமலைச் சரிவுகளில் வளர்பவை. புத்தளம் நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 1100 முதல் 1200 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். சாதிக்காயும் கராம்பும் இந்த மணலில் வேர்கொள்ளா. உலர்வலயத்துக்கு நெருக்கமான ஒப்பீடு மொனராகலை மாவட்டத்தில் கிடைக்கிறது. அங்கு மற்சனும் உடனாய்வாளரும் 45 வீட்டுத் தோட்டங்களை அளந்தபோது, நிலத்துக்கு மேலுள்ள காபன் ஹெக்டயருக்குச் சராசரியாக 13 தொன் என்று கண்டார்கள். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் அது 1 தொன்னிலிருந்து 56 தொன்வரை மாறியது. அந்தச் சராசரியை விட இந்த ஏற்றத்தாழ்வே நமக்கு முக்கியம். உலர்நிலத்தில் வீட்டுத் தோட்டம் தன்னளவில் எந்தப் பலனுக்கும் உத்தரவாதம் அல்ல. எந்த மரம், எந்த மண், யாருடைய பராமரிப்பு என்பவற்றைப் பொறுத்தே பலன் அமைகிறது.

3. லுணுவிலவின் நீண்ட கணக்கு

புத்தளக் கரையின் உண்மையான பலம் லுணுவிலவில் இருக்கிறது. 1928ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான தெங்கு ஆராய்ச்சித் திட்டம் 1929 முதல் அங்குள்ள பண்டிரிப்புவ தோட்டத்தில் இயங்கியது. அதுவே இன்றைய தெங்கு ஆராய்ச்சி நிறுவகம். உரப் பரிசோதனை, விதைத்தெரிவு, ஊடுபயிர், பூச்சிக் கட்டுப்பாடு என்று ஒரே மரத்தை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக விடாமல் கவனித்து வந்த நிலையம் இது. மாவட்டத்துக்குள்ளேயே அம்பகெலே தனிமைப்படுத்திய விதைத்தோட்டமும் மாதம்பையின் ரத்மலகார தோட்டமும் அதன் ஆய்வுக் களங்கள்.

இத்தனை நீண்ட கவனிப்பு ஏன் தேவை என்பதற்குத் தென்னையே பதில் சொல்கிறது. ஒரு பாளை மரத்தின் குருத்துக்குள் கருக்கொள்வதிலிருந்து அது விரிவதற்கு ஏறக்குறைய 32 மாதங்கள் ஆகின்றன. விரிந்த பாளையின் குரும்பை முற்றித் தேங்காயாக இன்னும் 12 மாதங்கள். ஆக மொத்தம் 44 மாதங்கள். 2016இன் இறுதியில் மாரி மழை பொய்த்தபோது குருத்துக்குள் உருவான பாளை, 2020இல்தான் தேங்காயாகப் பறிப்புக்கு வந்தது. இதற்கிடையே பூத்தவையும் பிஞ்சாக இருந்தவையும் அந்த வறட்சியை வெவ்வேறு பருவங்களில் அனுபவித்தன. 2016இல் சுமார் 301 கோடியாக இருந்த நாட்டின் தேங்காய் உற்பத்தி 2017இல் சுமார் 245 கோடியாகச் சரிந்தது. அதன் எஞ்சிய பாதிப்பு அதற்குப் பின்வந்த பறிப்புகளிலும் தொடர்ந்தது.

இந்த 44 மாதங்களை மனதில் இருத்திக்கொண்டு ஒரு வழக்கமான மூன்றாண்டுத் திட்டத்தைப் பாருங்கள். தென்னையின் கீழ் ஊடுமரம் நட்டு 36 மாதங்கள் கழித்துத் தேங்காயை எண்ணினால், கடைசிப் பறிப்பில் விழும் காய்கூடத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே கருக்கொண்டதாக இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்து ஊடுமரம் நன்மை செய்தது என்றோ தீமை செய்தது என்றோ முழுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உணவுக் காடு குறித்துக் குறுகிய காலத்தில் வெளியிடப்படும் வெற்றிச் செய்திகளில் பலவற்றை ஐயத்தோடு வாசிக்க வேண்டிய முதற் காரணம் இதுதான்.

4. ஒளியும் வேரும் நீரும்

தென்னந்தோப்பில் அடுக்குப் பயிர் சாத்தியம் என்பதற்கான அடிப்படைச் சான்று, கேரளத்தின் காசரகோட்டில் 1916இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் உருவானது. நெல்லியாட், பவப்பா, நாயர் ஆகியோர் 1974இல் அடுக்குப்பயிர் முறையை ஓர் அறிவியல் மாதிரியாக முன்வைத்தார்கள். இந்த நாயர்தான் முப்பது ஆண்டுகள் கழித்து, மேலே குறித்த மதிப்பாய்வின் இணையாசிரியராக நின்றவர். தென்னை நட்டு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்வரை நிலத்தில் ஒளி நிறைய விழுகிறது. பின்னர் 25 வயதுவரை ஓலைகள் நெருங்கி நிழல் கனக்கிறது. அதற்குப் பிறகு மரம் உயர்ந்துவிடுவதால் கீழே மீண்டும் ஒளி கிடைக்கிறது. வேர்களைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், நன்கு பராமரிக்கப்பட்ட தென்னையில் நான்கில் மூன்று பங்கு வேர்கள் அடிமரத்திலிருந்து 2 மீற்றருக்குள் அடங்குகின்றன என்று கண்டார்கள். 8 மீற்றருக்கு 8 மீற்றர் என்ற இடைவெளியில், அதாவது ஏக்கருக்கு 64 மரம் என்ற கணக்கில் நட்டால், அந்த வட்டம் ஒரு மரத்துக்கான நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. மீதி நிலத்தில் வேறொன்று வளரலாம் என்ற வாதம் இதிலிருந்தே எழுகிறது.

இலங்கையில் இதே வாதத்தை லியனகே, தேஜ்வானி, நாயர் மூவரும் 1984இல் தொகுத்தார்கள். அன்னாசி, மிளகு, கொக்கோ, கோப்பி, கறுவா, வாழை எனத் தென்னைக்குக் கீழ் எவை, எந்த வலயத்தில் பொருந்தும் என்பதற்கான அடித்தளம் அதில் உண்டு. ஆனால் காசரகோட்டு மழை ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றரையும் தாண்டும். ஒளிக்கும் வேரிடத்துக்கும் போட்டி இல்லை என்று அங்கே கண்டது சரி. நீருக்குப் போட்டி இல்லை என்று அதை வைத்துப் புத்தளத்தில் முடிவுகட்ட முடியாது.

இந்த நீர்ப்போட்டியை நேரடியாக ஆராய்ந்த வேலை உள்நாட்டிலேயே நடந்தது. விதான ஆராச்சியும் லியனகேயும் தனித் தென்னை நின்ற நிலத்தையும், தென்னையோடு நைதரசன் நிலைநிறுத்தும் மரங்கள் நின்ற நிலத்தையும் ஒப்பிட்டார்கள். மண்ணின் இறுக்கம், வேர் வளர்ச்சி ஆகியவற்றை 1998இலும் மண்ணீரை 2003இலும் வெளியிட்டார்கள். ஊடுமரம் மண்ணை இளக்கித் தென்னை வேருக்கு வழி திறக்கவும் கூடும், வரண்ட மாதங்களில் அதே மண்ணின் ஈரத்தை உறிஞ்சவும் கூடும். இரண்டில் எது மேலோங்கும் என்பதை மரத்தின் இனமும் அதை வெட்டி ஒடுக்கும் முறையும் தீர்மானிக்கின்றன. ரவீந்திராவும் அவரது குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, தென்னையோடு கிளிரிசிடியா நட்ட நிலங்களில் மண்ணின் சத்துகள் மேம்பட்டிருப்பதை ஈரப்பகுதியிலும் உலர்பகுதியிலும் காட்டியது. வேலிக் கதியாலாக எங்கும் நிற்கும் இந்த மரம், காலத்துக்குக் காலம் தழை வெட்டி அடியில் போட்டால் உரமாகிறது. வெட்டாமல் விட்டால் அதுவே போட்டியாளராகலாம். எனவே உணவுக் காட்டின் நன்மையை மரத்தின் பெயரோடு மட்டும் சேர்த்துச் சொல்வது போதாது. கத்தி எப்போது எடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வுகள் அனைத்துக்கும் ஒரு பொதுவான எல்லை இருக்கிறது. தென்னையே இவற்றின் மையம். தேங்காய் எண்ணிக்கை, மண்ணின் சத்து, ஈரம் ஆகியவை அளக்கப்பட்டன. வளவிலிருந்து அடுப்புக்குப் போகும் முருங்கையிலை, ஆட்டுக்கு ஒடிக்கும் குழை, விறகு, அயலுக்குக் கொடுக்கும் மாங்காய் ஆகியவை பெருந்தோட்ட ஆய்வின் அட்டவணையில் இடம்பெறும் பொருள்கள் அல்ல. உணவுக் காட்டுக்காரர் தம் முறையின் சிறப்பு என்று சொல்வதோ இவற்றைத்தான்.

5. கற்பிட்டிக் கிணறு சொல்வது

கற்பிட்டித் தீபகற்பம் ஒரு மணல்நிலம். ஆறில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் இந்த நன்னீர் 1 மீற்றர் நின்றால் அடியில் சுமார் 40 மீற்றர்வரை அது உவரைத் தள்ளிவைத்திருக்கும் என்பது கடற்கரை நீரியலின் பழைய விதி. மேலே சில அங்குலம் குறைந்தால் கீழே பல அடி இழப்பு.

இந்த மணலில்தான் சின்ன வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் தூவல் பாசனத்தில் ஆண்டு முழுவதும் பயிராகின்றன. லோரன்ஸ், குருப்பு ஆராச்சி ஆகியோர் 1986இல் பிரித்தானிய நிலவியல் ஆய்வகத்தின் வாயிலாக வெளியிட்ட அறிக்கை, இடப்படும் உரத்தின் நைதரசன் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு இறங்குவதை எடுத்துக்காட்டியது. பின்வந்த ஆய்வுகளும் செறிவாகப் பயிரிடும் நிலங்களின் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாகவும், தென்னை நிலங்களில் குறைவாகவும் இருப்பதைப் பதிவுசெய்தன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய கிணறுகள் அவற்றில் உண்டு. இந்த வரம்பு முதன்மையாகப் புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களின் பாதுகாப்பைக் கருதி வகுக்கப்பட்டது.

ஏன் இந்த வேறுபாடு? பழைய வளவொன்றில் மாமரத்தடிச் சருகை விலக்கிப் பார்த்தால் காரணத்தின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும். மேலே மக்கிய கறுப்பு மண், அதில் மயிர்போன்ற வேர்கள் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழே வெறும் வெண்மணல். அந்த மெல்லிய கறுப்புப் படைதான் நீரையும் சத்தையும் பிடித்து வைப்பது. வெங்காயப் பாத்தியில் ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைக் கிளறுவதால் அது சேர்வதற்கு இடமில்லை. வேளாண் காடுகளை ஆராய்வோர், ஆழத்துக்கு இறங்கும் மரவேர்கள் நழுவிப்போகும் நைத்திரேற்றை இடைமறித்து மீண்டும் தழையாக மேலே கொண்டுவரும் என்று கருதுகிறார்கள். புத்தளக் கரைக்கு உணவுக் காட்டின் மிகப் பெரிய பயன் இதுவாகவே இருக்கலாம் என்பது என் நிலைப்பாடு.

ஆயினும் எதிர்வாதமும் வலுவானது. முதலாவது, தென்னை நிலத்தில் நைத்திரேற்று குறைவாக இருப்பதற்கு அங்கே உரமே குறைவாக இடப்படுவதும் ஒரு காரணம். மரம் வடிகட்டியதா, விவசாயி கொட்டவில்லையா என்று ஒருமுறை எடுத்த நீர்மாதிரியைக் கொண்டு பிரிக்க இயலாது. இரண்டாவது, சாணமும் கோழி எருவும் மிகையாகப் போனால் அவையும் நைத்திரேற்றாகவே கிணற்றுக்கு இறங்கும். இயற்கை உரம் என்ற பெயர் நீரைக் காக்காது. மூன்றாவது, மரங்கள் நீர் குடிப்பவை. நெருக்கமாக நட்ட காடு, மெல்லிய நன்னீர்ப் படலத்திலிருந்து கோடை முழுவதும் உறிஞ்சும். நீரின் தரத்துக்கு நன்மை செய்யும் காடு நீரின் அளவுக்குத் தீங்கு செய்யக்கூடும். இந்த இரண்டையும் ஒரே கிணற்றில், பல ஆண்டுகள், மாரிக்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் தீர்வு கிடைக்கும்.

6. ஒற்றைப் பயிரின் அபாயமும் நிலத்தின் உரிமையும்

1997இன் பிற்பகுதியில் தென்னையைத் தாக்கும் சிற்றுண்ணி இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது கற்பிட்டித் தீபகற்பத்தில்தான். குரும்பையின் தொப்பிக்கடியில் ஒளிந்து சாறுறிஞ்சும் அந்தச் சிற்றுண்ணி, காயின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிப் பருமனைக் குறைக்கும். தேங்காய் ஒன்றையே நம்பியிருந்த குடும்பத்துக்கு அது நேரடி வருமான இழப்பு. மாவும் முருங்கையும் மரமுந்திரியும் சேர்ந்து நின்ற வளவுக்கு அது பல வரவுகளில் ஒன்றின் இழப்பு. பன்மையின் மதிப்பு நல்ல ஆண்டின் சராசரி விளைச்சலில் தெரிவதில்லை. ஒன்று பொய்க்கும்போது மற்றது எவ்வளவு தாங்கியது என்பதில்தான் அது தெரியும். மெல்வானியும் உடனாய்வாளரும் 2020இல் இலங்கை விவசாயக் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, தாவரப் பன்மையும் பலவகை வாழ்வாதாரமும் சேர்ந்து தாங்குதிறனைக் கூட்டுவதாகக் காட்டியது இந்தத் திசையில் குறிப்பிடத்தக்கது.

அறிவியல் கட்டுரைகளில் குறைவாகவே பேசப்படும் இன்னொரு காரணி நிலவுரிமை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளம், பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டிப் பகுதிகளில் வந்து தங்கின. பலருக்குக் கிடைத்தது சில பேர்ச் காணி. நாளை ஊருக்குத் திரும்புவோமா என்று தெரியாத நிலையில், காய்க்க ஆறேழு ஆண்டு எடுக்கும் தென்னையை யார் நடுவார்? முதல் ஆண்டிலேயே பலன் தரும் முருங்கையும் பப்பாசியும் அந்தச் சூழ்நிலைக்குப் பொருந்திய தெரிவுகள். ஒரு வளவில் அடுக்குகள் குறைவாக இருப்பதை அறிவின் குறையாகப் படிக்கும் ஆய்வு, அந்த வளவின் வரலாற்றைப் படிக்கத் தவறுகிறது. பத்தாண்டு மரம் நிற்க வேண்டுமானால் பத்தாண்டு நிலம் தன்னுடையது என்ற உறுதி முதலில் வேண்டும்.

7. எதை, எவ்வளவு காலம் அளப்பது

இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் தொடர்கிறது. டெவனில் மார்ட்டின் கிரோஃபோர்ட் 1994இல் நிறுவிய காட்டுத்தோட்டமும், நெதர்லாந்தின் குரூஸ்பேக்கில் 2009இல் தொடங்கிய கெற்றல்புறூக் உணவுக் காடும் குளிர்நாட்டு அனுபவத்தை ஆண்டுக்காண்டு சேர்த்துவருகின்றன. உலர்வெப்ப மணற்கரைக்கு அப்படி ஒரு தொடர்பதிவு தேவை. அதற்கான இடம் புத்தளமே. லுணுவிலவின் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம், விவசாயத் திணைக்களத்தின் கற்பிட்டி ஆய்வு நிலையம், மாக்கந்துரையில் வேளாண் பீடம் நடத்தும் வயம்ப பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இந்தக் கரையிலும் அதன் அயலிலும் உள்ளன.

காலம் குறித்து என் முன்மொழிவு தென்னையின் கணக்கிலிருந்தே வருகிறது. 44 மாதச் சுற்று மூன்று முறை முழுமையடைய 11 ஆண்டுகள் வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் நீண்டகால ஆய்வு என்று அழைக்கக்கூடாது. ஒப்பிட வேண்டிய நிலங்கள் நான்கு: தனித் தென்னை, தென்னையோடு கிளிரிசிடியா, பல அடுக்கு வளவு, தூவல் பாசன மரக்கறித் தோட்டம்.

அளக்க வேண்டியவை ஐந்து. முதலாவது, வளவிலிருந்து சமையலுக்கும் சந்தைக்கும் ஆட்டுக்கும் அயலுக்கும் போன எல்லாவற்றின் எடை. இதை நாள்தோறும் அறிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்பதால் பதிவேடும் அவர்கள் கையில், கூலியோடு இருக்க வேண்டும். இரண்டாவது, மாரிக்கு முன்னும் பின்னும் கிணற்றின் மட்டம், உவர்ப்பு, நைத்திரேற்று. மூன்றாவது, மண்ணின் காபன், மேற்படையில் மட்டுமன்றி ஒரு மீற்றர் ஆழம்வரை. நான்காவது, உழைப்பு நேரம். அடுக்குகள் கூடினால் வேலையும் கூடும், அந்த வேலை யார் தோளில் விழுகிறது என்பதை மறைக்கக்கூடாது. ஐந்தாவது, பட்டுப்போன மரங்களும் கைவிடப்பட்ட வளவுகளும். தோல்வியைப் பதிவுசெய்யாத கணக்கு கண்டிக் கணக்கெடுப்புகளின் குறையையே மீண்டும் செய்யும்.

8. முடிவு

தென்னையின் கீழ் ஒளிக்கும் வேருக்கும் இடமுண்டு என்பதும், முறையாக வெட்டிய கிளிரிசிடியா மண்ணை மேம்படுத்துகிறது என்பதும் ஏற்கத்தக்க முடிவுகள். உலர்கரையில் நீர்ப்போட்டி உண்மையான அபாயம் என்பதும் அப்படியே. பன்மை தாங்குதிறனைத் தருகிறது என்பதற்கு நல்ல அடிப்படை உண்டு. ஆனால் அதை ஒரு கெட்ட ஆண்டைத் தாண்டித் தொடர்ந்து அளந்து உறுதிசெய்ய வேண்டும். கண்டித் தோட்டத்தை அப்படியே புத்தளத்துக்குப் பெயர்த்து நடலாம் என்ற கருத்துக்குச் சான்று இல்லை.

புத்தளக் கரைக்கான உணவுக் காட்டை இனி இரண்டு அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தின் உணவு எவ்வளவு குறைந்தது? பதினோராண்டு முடிவில் அந்த வளவின் கிணறு தொடக்கத்தைவிடக் குடிக்கத்தக்கதாக இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தரும் ஆய்வுக்கு அரசும் நிறுவகங்களும் பணம் ஒதுக்க வேண்டும், மூன்றாண்டு அறிக்கையோடு அதை முடித்துக்கொள்ளக் கூடாது. கற்பிட்டியில் நன்னீர் குறைந்துகொண்டே போகும் நிலையில், அந்தப் பதினோராண்டு அளவீட்டைத் தொடங்குவதைத் தள்ளிப்போட இனி நியாயமான காரணம் எதுவும் இல்லை.